பழைய இரும்பு லொறிக்கு ரிமோட் பூட்டுகிறீர்களா? நான் விட்ட பிழைகளை நீங்களும் விடாதீர்கள்

விளையாட்டு லொறி கைக்கு வந்ததும் எல்லாரும் தேடுவது ஸ்குரூ ட்ரைவரை. நானும் அதைத்தான் தேடினேன். அதற்கு முன்னால் ஒரு காந்தத்தையும் சமையலறைத் தராசையும் எடுத்திருக்க வேண்டும் என்பது இரண்டு மோட்டார்கள் செத்த பிறகுதான் விளங்கியது.

என்னுடைய லொறி அப்பாவின் மாமா வழியாக வந்தது. அவர் இங்கே திருகோணமலை டொக்யார்ட்டில் வேலை செய்தவர். 1957இல் பிரித்தானியக் கடற்படை இங்கிருந்து போனபோது, கப்பலேறிய ஒரு குடும்பம் கொடுத்துவிட்டுப் போன சாமான்களில் இதுவும் ஒன்று. சிவப்பு முகம், பச்சைப் பெட்டி, ஒரு முழ நீளமுள்ள டிப்பர். அடியில் ட்ரை-ஆங் என்ற பெயர். லண்டன் மேர்ட்டனில் லைன்ஸ் சகோதரர்கள் நடத்திய கொம்பனி அது. சகோதரர்கள் மூன்று பேர்; அவர்கள் பெயருக்கு ஆங்கிலத்தில் கோடுகள் என்றும் பொருள். மூன்று கோடு சேர்ந்தால் முக்கோணம், பெயர் வந்த கதை அதுதான். 1971இல் கொம்பனி முறிந்துவிட்டது. ஆகவே கடைக்குப் போய் உதிரிப்பாகம் வாங்கும் பேச்சே இல்லை, உடைத்தால் உடைத்ததுதான்.

காந்தம் எதற்கு என்றால், பழைய உலோக விளையாட்டு லொறி எல்லாம் ஒரே சாதி அல்ல. காந்தம் ஒட்டி, தகடும் தடிப்பாக இருந்தால் அழுத்திச் செய்த இரும்புத் தகடு. ட்ரை-ஆங்கும் அமெரிக்க டொங்காவும் இந்த வகை. ரிமோட் வேலைக்கு இதைவிட நல்லது கிடையாது. காந்தம் ஒட்டி, விரலால் அமுக்கினால் 'டொக்' என்று உள்வாங்கினால் அது மெல்லிய தகரம். ஜப்பானிலிருந்து வந்த படம் அச்சிட்ட லொறிகள் பெரும்பாலும் இப்படித்தான். துளை போட்டால் கிழியும், பாரம் ஏற்றினால் நெளியும். காந்தம் ஒட்டவே இல்லையா? அது டின்கி விளையாட்டுக் கார்கள் போலத் துத்தநாகக் கலவையில் வார்த்ததாக இருக்கலாம். அவற்றில் பெரும்பாலானவை உள்ளங்கைக்குள் அடங்கும், உள்ளே ஒன்றும் வைக்க இடமில்லை. இரண்டாம் உலகப் போருக்கு முந்திய வார்ப்பு என்றால் கலவையில் ஈயம் கலந்த குறையால் தானாகவே வெடித்து உதிரும் நோயும் வரும். அலுமாரியில் இருக்கட்டும்.

இன்னொன்று. பெயின்ட் அப்படியே இருந்து, அட்டைப் பெட்டியும் கூட இருந்தால் தயவுசெய்து கை வைக்க வேண்டாம். சில்லு கழன்று, முகம் நெளிந்து, பரணில் கிடக்கும் லொறிதான் இந்த வேலைக்கு உரியது.

பெயின்ட்டைக் காய்ந்தபடி தேய்ப்பது

அமெரிக்காவில்கூட விளையாட்டுச் சாமான் பெயின்ட்டில் ஈயம் தடைசெய்யப்பட்டது 1978இல்தான். ஐம்பதுகளின் சிவப்பு, மஞ்சள், பச்சையில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். எமரித் தாளைக் காய்ந்தபடி போட்டுத் தேய்த்தால் அந்தத் தூள் மூக்கிலும் போகும், நிலத்தில் தவழும் பிள்ளையின் கையிலும் ஒட்டும். கிரைண்டர் இன்னும் மோசம். தேய்க்கத்தான் வேண்டும் என்றால் தண்ணீர் விட்டு, முகமூடி போட்டு, கீழே பழைய பத்திரிகை விரித்துத் தேயுங்கள். வழித்ததைப் பத்திரிகையோடு மடித்துக் கட்டி அகற்றுங்கள். நம்மூரில் எல்லாருக்கும் கைவருகிற இடம் கிணற்றடி. அங்கே மட்டும் வேண்டாம், அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம்.

என் லொறியில் துரு பிடித்த இடங்களை மட்டும் தேய்த்து, மீதிப் பெயின்ட்டை அப்படியே விட்டேன். அந்தப் பழைய கீறல்கள் எனக்குப் பிடித்திருந்தன.

கழற்றும்போது ஒரு விஷயம். அந்தக் காலத்துத் தகடுகளைப் பல இடங்களில் நாக்கு மாதிரி ஒரு துண்டை மடித்துப் பிடித்திருப்பார்கள். அந்த நாக்கு இரண்டு மூன்று தடவை மடிந்து நிமிர்ந்தால் ஒடிந்துவிடும். அகல வாய்க் குறட்டால் பிடித்து, நேராகும் வரை மட்டும் நிமிர்த்துங்கள். 'ஒருக்கால் போட்டுப் பார்ப்போம்' என்று நடுவில் பூட்டிக் கழற்றுவதுதான் நாக்கைத் தின்னும். ரிவெட் அடித்திருந்தால் தலையை மட்டும் துளைத்து எடுத்துவிட்டு, பிறகு சின்ன போல்ட்டும் சுரையும் போடலாம். துளைக்கிறபோது மோட்டார் பக்கத்தில் இருக்கக் கூடாது. அதன் காந்தம் இரும்புத் தூளை இழுத்து உள்ளே வைத்துக்கொள்ளும். என் முதல் மோட்டார் செத்தது அப்படி.

நிறுக்காமல் மோட்டார் வாங்குவது

இரண்டாவது மோட்டார் செத்தது பாரத்தால். இலத்திரனியல் கடைகளில் மஞ்சள் பிளாஸ்டிக் பெட்டியோடு ஒரு மலிவு மோட்டார் விற்கும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரோபோ செய்ய வாங்குவது. அதைப் பின் அச்சில் பூட்டினேன். வெறும் லொறி ஓடியது. அக்காவின் மகள் பெட்டி நிறைய மண் அள்ளிப் போட்டாள். 'கிர்ர்' என்று ஒரு சத்தம், உள்ளே பல்சில்லு வழுக்கிவிட்டது.

அன்றைக்குத்தான் கணக்குப் போட்டேன். லொறி 1.9 கிலோ. மோட்டார், பற்றரி, புது அச்சு எல்லாம் சேர்ந்து 3.1. பெட்டியில் ஒன்றரை லீற்றர் மண் பிடிக்கும். காய்ந்த மண் லீற்றருக்குக் கிட்டத்தட்ட 1.6 கிலோ. ஆக மொத்தம் ஐந்தரைக் கிலோ. எட்டு சென்றிமீற்றர் விட்டமுள்ள சில்லோடு அது 15 பாகைச் சரிவில் ஏற, அச்சில் ஏறத்தாழ 6 கிலோ-சென்றிமீற்றர் முறுக்கு விசை வேண்டும். அந்த மஞ்சள் மோட்டார் மூச்சைப் பிடித்து நின்றாலும் கிட்டத்தட்ட ஒரு கிலோ-சென்றிமீற்றர்தான் தரும்.

வேகத்தையும் இதே மாதிரிப் பாருங்கள். அந்தச் சில்லு ஒரு சுற்றில் 25 சென்றிமீற்றர் போகும். டிப்பர் லொறி நடை வேகத்தில், செக்கனுக்கு ஒரு மீற்றர் போனால் போதும். அப்படியென்றால் அச்சு நிமிடத்துக்கு 240 சுற்று. இரும்புப் பல்சில்லு உள்ள, அந்தளவு சுற்றுக்கு இறக்கிய கியர் மோட்டாரைத் தேட வேண்டும். பந்தயக் கார் மோட்டாரைப் போட்டு லொறியைப் பறக்க விடுகிறவர்களும் உண்டு. இரும்பு லொறி கதவில் மோதினால் நெளிவது பெரும்பாலும் கதவு.

திருகுப் பல் உள்ள மோட்டார் இழுவைக்கு நல்லது, ஆனால் அதைக் கையால் தள்ளினால் சில்லு சுற்றாது. விளையாட்டு லொறியைக் கண்ட பிள்ளை முதலில் தள்ளத்தான் பார்க்கும். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் அந்த வகையை விட்டுவிடுங்கள்.

இரண்டு வாரம் ஏரியலோடு மல்லுக்கட்டியது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு பிழை இன்னொரு பிழையின் வேஷத்தில் வந்து நின்றது.

பழைய லொறியில் முன் அச்சு அசையாது. ஆகவே திரும்பும் முன் அச்சு ஒன்றைத் தனியாக வாங்கிப் பூட்டினேன். அகலம் அளந்தேன், சில்லு மட்கார்டுக்குள் சரியாக இருந்தது. நேராக நிற்கும்போது. முழுக்கத் திருப்பினால் சில்லின் முன் ஓரம் மட்கார்டில் இலேசாக உரசும். 'ஒரு மில்லிமீற்றர்தானே' என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் விறாந்தையில் ஓட்டிப் பார்த்தால், லொறி ஓடும், திடீரென்று செத்து நிற்கும், ஒரு செக்கனில் திரும்ப உயிர் வரும். ரிமோட்டின் சிக்னலை வாங்கும் றிசீவரின் சின்ன லைட் அணைந்து அணைந்து எரிந்தது. இரும்பு உடம்பு சிக்னலை மறைக்கிறது என்று நானே முடிவு செய்து, ஏரியலை முகத்துக்குள், பெட்டிக்கடியில், கடைசியில் கூரைக்கு மேலே வைத்தேன். எங்கே வைத்தாலும் அதே கதை.

ஒரு நாள் பற்றரி போதாதோ என்று பார்க்க மல்டிமீற்றரைப் பூட்டியபடியே ஸ்டியரிங்கைத் திருப்பினேன். றிசீவருக்குப் போகும் 5 வோல்ட், முழுத் திருப்பத்தில் 3 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தது. சில்லு மட்கார்டில் முட்டி நிற்க, சில்லைத் திருப்பும் சின்ன மோட்டாரான சர்வோ விடாமல் தள்ளிக்கொண்டிருந்தது. எம்ஜி 996ஆர் போன்ற சர்வோ அப்படி முட்டி நிற்கும்போது 2.5 அம்பியர் வரை இழுக்கும். மலிவான வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்குள் இருக்கும் 5 வோல்ட் வழங்கியோ ஒன்று, இரண்டு அம்பியருக்குத்தான் தாங்கும். றிசீவர் பசியில் மயங்கியிருக்கிறது, நான் அதன் காதைச் சோதித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆகவே முன் அச்சைப் பூட்டியதும், சில்லை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, லொறியைக் கையால் அமுக்கிப் பாரம் கொடுத்தும் பாருங்கள். ஒரு தாளாவது இடையில் போய்வர வேண்டும். மட்கார்டை வெட்டாதீர்கள். ரிமோட்டில் திருப்பத்தின் எல்லையைக் குறைக்கலாம், அச்சைச் சற்று முன்பின்னாகத் தள்ளலாம். சர்வோவுக்கு 3 அம்பியர் தரும் தனி 5 வோல்ட் வழங்கி ஒன்று போட்டுவிடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு, இரும்பு சிக்னலை மறைப்பதும் உண்மைதான். விறாந்தையில் தெரியாது, முற்றத்தைத் தாண்டினால் தெரியும். ரிமோட்டின் 2.4 கிகாஹேட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்றிமீற்றர். றிசீவர் வயரின் நுனியில் உறை உரித்திருக்கும் 31 மில்லிமீற்றர், அதன் காற்பங்கு, அதுதான் உண்மையான ஏரியல். அந்த நுனி மட்டும் இரும்புக்கு வெளியே இருந்தால் போதும். வெட்டவோ சுருட்டவோ கூடாது. நான் பிளாஸ்டிக் உறிஞ்சு குழாய்த் துண்டுக்குள் விட்டு, கண்ணாடியில்லாத பின் ஜன்னல் வழியாக நிமிர்த்தி வைத்தேன், புகைபோக்கி மாதிரி இருக்கிறது. சிக்னல் போனால் மோட்டார் தானாக நிற்கும்படி ரிமோட்டில் அமைத்து, சில்லைத் தூக்கி வைத்துக்கொண்டு ரிமோட்டை அணைத்துச் சோதியுங்கள். உட்துறைமுக வீதிப் பக்கம் ஓட்டுகிறவர்கள் இதை விட்டால் லொறி கடலுக்குள்தான்.

வயரும் பற்றரியும்

வெல்டிங் பட்டறை அண்ணர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, உண்மை லொறியில பொடிதானே எர்த். இதுல ஏன் ரெண்டு வயர் இழுக்கிறீர்?" நல்ல கேள்வி. ஆனால் செய்யாதீர்கள். பொடியை, அதாவது லொறியின் இரும்பு உடம்பை, எதிர்முனையாக்கினால், எங்காவது உறை தேய்ந்த நேர்முனை வயர் ஒன்று தகட்டில் பட்டதும் முழுப் பற்றரியும் ஷோர்ட். லைப்போ (லித்தியம் பொலிமர்) பற்றரிக்கு அது தீ. இரண்டு வயரையும் தனியாகவே இழுங்கள். தகட்டுத் துளையின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், ரப்பர் வளையம் போட்டே வயரை விடுங்கள். பற்றரிக்குப் பக்கத்திலேயே பியூஸ்.

லைப்போவின் ஒவ்வொரு செல்லும் நிறையும்போது 4.2 வோல்ட், 3க்குக் கீழே போகவே கூடாது. 3.5 வந்தால் ஓட்டத்தை நிறுத்துங்கள். சும்மா வைப்பதென்றால் 3.8 அளவில், லொறிக்கு வெளியே. வெயிலில் நிறுத்திய இரும்பு லொறியின் உள்ளே கை வைத்துப் பார்த்தால் காரணம் தெரியும். ஆகவே ஸ்குரூ கழற்றாமல் பற்றரியை எடுக்க முடிகிற மாதிரி இடம் விடுங்கள். கழற்ற வேண்டியிருந்தால் யாருமே கழற்ற மாட்டோம்.

கடற்கரை ஆசை

டச்பேயில் மாலை நேரம் லொறி ஓட்டினால் கூட்டம் சேரும், மறுக்கவில்லை. ஆனால் அந்த மணலும் உப்பும் சேர்ந்து ஒரு கிழமையில் அச்சைப் பிடித்துவிடும். புல்மோட்டைப் பக்கம் போனால் கரை கறுப்பாகக் கிடக்கும், இல்மனைட். காந்தத்துக்கு ஒட்டக்கூடிய கனிமம், மோட்டாருக்குள் போனால் இரும்புத் தூள் செய்த வேலையை அதுவும் செய்யும். நான் இப்போது சீமெந்து முற்றத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். வாடைக் காலத்தில் ஓட்டாமல் வைத்தாலே துரு வருகிறது. பெயின்ட் போன இடங்களில் துணியால் இலேசாக எண்ணெய் பூசுவதோடு சரி. கரையில் ஓட்டியே ஆக வேண்டும் என்றால், பற்றரியை எடுத்துவிட்டு, நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துக் காயவிட்டு, அச்சுக்குக் கிறீஸ் வையுங்கள்.

பெட்டியைத் தூக்கவும் ஒரு மோட்டார் வைக்கலாம்தான். உச்சியிலும் அடியிலும் தானாக நிறுத்தும் சுவிட்ச் வைக்காவிட்டால் அதுவும் முட்டி நின்று எரியும், ஸ்டியரிங் கதைதான் திரும்ப வரும். என் லொறியில் பழைய கைப்பிடி இன்னும் வேலை செய்கிறது. மண்ணைக் கொட்டுவது அக்காவின் மகளின் பொறுப்பு.