வயதான பூனை புண்ணைச் சொறியாமல் தடுப்பது எப்படி?

இரவு இரண்டு மணிக்குத் தரையில் ‘தப் தப்’ என்று சத்தம் கேட்டது. எங்கள் அம்மணி பின்னங்காலால் காதுக்குக் கீழே சொறியும்போது கால் தரையில் இடிக்கும் சத்தம் அது. அவளுக்கு வயது 14. சிறுநீரகக் கோளாறு உண்டு, எடை 3 கிலோவுக்கும் குறைவு. விளக்கைப் போட்டுப் பார்த்தால், ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் உரிந்து ஈரமாக இருந்தது.

புண்ணைச் சொறியாமலும் நக்காமலும் இருக்கப் பூனையின் கழுத்தைச் சுற்றி மாட்டும் கூம்பு உண்டு; அதை மாட்டினால் தீர்ந்தது என்றுதான் நானும் நினைத்தேன். மாட்டுவது பாதி வேலைகூட இல்லை. மாட்டிய பிறகு அந்தக் கிழட்டுப் பூனையைச் சாப்பிட வைக்க வேண்டும், தடுமாறி விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இரக்கப்பட்டுக் கழற்றிவிடாமல் இருக்க வேண்டும். முதல் முறை பூனை வளர்ப்பவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

தொடங்கும் முன்

புண்ணில் சீழோ கெட்ட வாடையோ இருந்தால், சுற்றிலும் வீங்கியிருந்தால், கண்ணுக்கு அருகில் இருந்தால் வீட்டு வைத்தியத்துக்கு இடமே இல்லை. பூனை 24 மணி நேரமாக எதுவும் சாப்பிடவில்லை என்றாலும் அப்படித்தான். பட்டினி கிடக்கும் பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள். சென்னைக்காரர்களுக்கு வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. மற்றவர்கள் அருகிலுள்ள கால்நடை மருத்துவரின் எண்ணை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைப் பூனையின் காது நுனியிலோ மூக்கிலோ ஆறாத புண் இருந்தால் அதையும் சாதாரணச் சொறி என்று விட்டுவிடக் கூடாது. வெயிலால் வரும் தோல் புற்றுநோய் பெரும்பாலும் அந்த இடங்களில்தான் தொடங்குகிறது.

படி 1: புண்ணைச் சுத்தம் செய்தல்

அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஒரு டீஸ்பூன் உப்பைத் தலைதட்டிப் போட்டுக் கரைத்து, நன்றாக ஆறவிடுங்கள். காஸ் துணியை அதில் நனைத்து, புண்ணின் மேல் அரை நிமிடம் வைத்து ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம். பஞ்சு வேண்டாம், இழை ஒட்டிக்கொள்ளும். பொருக்கு கட்டியிருந்தால் அதைப் பெயர்க்கவே கூடாது. புண்ணைச் சுற்றியுள்ள முடியைக் கத்தரிக்கோலால் வெட்டவும் முயல வேண்டாம். வயதான பூனையின் தோல் மெலிந்து தொங்கும்; முடியோடு தோலும் கத்தரியில் சிக்கிவிடும்.

இனி, என்ன பூசக் கூடாது என்பது. பக்கத்து வீட்டு அத்தை, “மஞ்சளைக் குழைத்துப் பூசு, இரண்டே நாளில் ஆறிவிடும்” என்றார். அவர் மனிதர்களை நினைத்துச் சொன்னார். பூனையோ உடம்பில் எதைப் பூசினாலும் நக்கி வயிற்றுக்குள் அனுப்பிவிடும். ஆகவே பூசுவது எல்லாமே ஊட்டுவதற்குச் சமம். காயம் கழுவ நாம் தண்ணீரில் கலக்கும்போது பால்நிறமாகும் கிருமிநாசினிகள், தேயிலை மர எண்ணெய், வேப்பெண்ணெய், துத்தநாகம் கலந்த குழந்தைக் களிம்புகள், கேலமைன், மரத்துப்போகச் செய்யும் களிம்புகள் எல்லாவற்றையும் அலமாரியிலேயே விடுங்கள். நமக்குச் சாதாரணமான பல பொருள்களைப் பூனையின் கல்லீரலால் உடைத்து வெளியேற்ற முடியாது. வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

படி 2: பின்னங்கால் நகங்கள்

நகம் வெட்டுபவர்கள் முன்னங்காலோடு நிறுத்திவிடுகிறார்கள். கழுத்தையும் காதையும் கிழிப்பது பின்னங்கால் நகம்தான். காலுக்கு நான்கு வீதம் எட்டு நகங்கள். வயதான பூனைகள் பழைய நக உறையைச் சரியாக உதிர்ப்பதில்லை, அதனால் நகம் தடித்து வளைந்து கிடக்கும்.

பூனையைப் பருத்தித் துண்டில் சுருட்டி, ஒரு பின்னங்காலை மட்டும் வெளியே எடுங்கள். விரலை மேலும் கீழும் மெதுவாக அழுத்தினால் நகம் வெளியே வரும். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிவது இரத்தக் குழாய். அதற்கு 2 மில்லிமீட்டர் முன்னால், கூர் நுனியை மட்டும் வெட்டுங்கள். கறுத்த நகமாக இருந்தால் நுனியின் கொக்கியை மட்டும். மூட்டுவலி உள்ள கிழங்களுக்குக் காலை இழுத்துப் பிடித்தாலே வலிக்கும். இயல்பாக மடங்கியிருக்கும் நிலையிலேயே வெட்டுங்கள். எட்டையும் ஒரே மூச்சில் முடிக்கத் தேவையில்லை. இன்று இரண்டு, நாளை இரண்டு.

பின்னங்காலுக்கு காலுறை மாட்டலாமா? நான் மாட்டினேன். இரண்டு நிமிடத்தில் உதறிவிட்டாள். இறுக்கிக் கட்டினால் இரத்த ஓட்டம் நின்றுவிடும் என்பதால் மறுபடி முயலவில்லை.

படி 3: கூம்பு

கடையில் மூன்று வகை கிடைக்கும். காற்றடைத்த வளையம் உடம்பை நக்குவதைத் தடுக்குமே தவிர, பின்னங்கால் முகத்துக்கு வருவதைத் தடுக்காது. காதிலோ கன்னத்திலோ புண் இருந்தால் அது வீண் செலவு. மென்துணிக் கூம்பு படுப்பதற்கு வசதி, ஆனால் நீர் பட்டால் துவண்டுவிடும். வயதான பூனைக்கு என் தேர்வு, பக்கவாட்டில் பார்வை மறையாத ஒளிபுகும் பிளாஸ்டிக் கூம்பு. விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டராவது நீண்டிருக்க வேண்டும். கழுத்துக்கும் பட்டைக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும்.

நள்ளிரவில் கடைக்கு எங்கே போவது? பழைய எக்ஸ்ரே படலம் பீரோவில் இருக்கும். 35 × 43 செ.மீ. படலத்தின் நீளப் பக்கத்து விளிம்பில் நடுப்புள்ளி குறித்து, அங்கிருந்து 8 செ.மீ. ஆரத்தில் ஓர் அரைவட்டமும் 20 செ.மீ. ஆரத்தில் இன்னோர் அரைவட்டமும் வரையுங்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட வளைவை வெட்டியெடுத்தால் அதுதான் கூம்பு. உள் வளைவு ஏறக்குறைய 25 செ.மீ. இருக்கும். முனைகளை 2 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டினால் 23 செ.மீ. சுற்றளவு, மெலிந்த பூனையின் 21 செ.மீ. கழுத்துக்கு அது சரியாக இருக்கும். உங்கள் பூனையின் கழுத்தை நூலால் அளந்து, ஏற்றும் அளவைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். படலத்தின் விளிம்பு கத்தி போல அறுக்கும் என்பதால், உள்ளும் புறமும் மருத்துவ ஒட்டுப்பட்டையை மடித்து ஒட்டியே ஆக வேண்டும். உள் விளிம்பில் நான்கு துளை போட்டு, பழைய வேட்டி நாடாவைக் கோத்து, இழுத்தால் அவிழும் முடிச்சாகக் கட்டுங்கள். படலம் கறுப்பாக இருப்பதால் பூனைக்குப் பக்கவாட்டுப் பார்வை போய்விடும். ஆகவே இது ஓர் இரவுக்கு மட்டும்.

மாட்டும்போது முன்னால் நின்று முகத்தை நோக்கிக் கொண்டுபோகாதீர்கள். பூனையை மடியில் உங்களுக்கு முதுகு காட்டி உட்காரவைத்து, பின்னாலிருந்து தலைக்கு மேலாக இறக்குங்கள். முதல் பத்து நிமிடம் பின்னோக்கி நடக்கும், சுவரில் முட்டும், சிலை போல நிற்கும். பக்கத்தில் இருந்தால் போதும்.

வயிற்றிலோ முதுகிலோ புண் என்றால் கூம்பே வேண்டாம். கைக்குழந்தையின் பருத்திச் சட்டை போதும். பட்டை உட்காரும் இடத்திலேயே புண் இருந்தால் மட்டும் எதையும் மாட்டாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

படி 4: கூம்போடு வாழவைத்தல்

சாப்பாடுதான் முதல் கவலை. ஆழமான கிண்ணத்தில் கூம்பின் விளிம்பு இடித்து, பூனை திரும்பிப் போய்விடும். ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் சிறிய சாசரை வையுங்கள். கூம்பு சாசரைச் சுற்றி இறங்கும், வாய் உணவை எட்டும். உணவை இளஞ்சூடாக்கினால் வாசனை எழும். அப்படியும் மறுத்தால், வெங்காயம், பூண்டு, உப்பு எதுவும் சேராத மீன் வேகவைத்த தண்ணீரை மேலே இரண்டு ஸ்பூன் ஊற்றுங்கள். (வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும்.) எதற்கும் மசியாவிட்டால், சாப்பிடும் நேரத்துக்கு மட்டும் கூம்பைக் கழற்றி, பக்கத்திலேயே உட்கார்ந்து, முடிந்ததும் மாட்டிவிடுங்கள். அந்த நேரத்தில் கைப்பேசியைப் பார்க்காதீர்கள்.

சிறுநீரகக் கோளாறுள்ள பூனைக்குத் தண்ணீர் ஒருபோதும் தீரக் கூடாது. இரண்டு இடத்தில் வையுங்கள். மணல் தட்டுக்கு மூடி இருந்தால் எடுத்துவிடுங்கள், பக்கங்கள் தாழ்வாக இருக்கட்டும். கூம்பு மணலை அள்ளிப் புண்ணில் கொட்டும் என்பதால், சில நாள் கிழித்த செய்தித்தாளைப் போடுவது நல்லது.

பால்கனிக் கம்பியிலும் பீரோவுக்குப் பின்னாலும் கூம்பு சிக்கும். பூனையை ஒரே அறையில் வையுங்கள். நாற்காலியில் ஏறும் பழக்கம் இருந்தால் பக்கத்தில் தலையணையைப் படியாகப் போடுங்கள். காலையும் மாலையும் பட்டைக்கு அடியில் விரல் விட்டுப் பாருங்கள். மெலிந்த கழுத்தில் அதுவே புதுப்புண்ணை உண்டாக்கிவிடும்.

மூன்றாம் இரவு அம்மணி என்னைப் பார்த்த பார்வையைத் தாங்காமல் கூம்பைக் கழற்றினேன். தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போய்த் திரும்புவதற்குள் பொருக்கு போய், கழுத்து மறுபடி சிவந்துவிட்டது. மூன்று நாள் வேலை மூன்று நிமிடத்தில் போயிற்று.

படி 5: ஏன் அரிக்கிறது?

கூம்பு அரிப்பைப் போக்காது. காரணத்தைத் தேடாவிட்டால் கழற்றிய மறுநாளே பழைய கதைதான்.

முதல் சந்தேகம் தெள்ளுப்பூச்சி. வயதான பூனை உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதைக் குறைத்துவிடுவதால் அதனிடம் பூச்சி எளிதில் பெருகும். நெருக்கமான பல்சீப்பால் வால் அடியில் சீவி, விழும் கறுப்புத் துகளை ஈரமான வெள்ளைக் காகிதத்தில் தட்டுங்கள். துகளைச் சுற்றிச் செம்பழுப்பாக நிறம் கசிந்தால், அது பூச்சி உறிஞ்சிக் கழித்த இரத்தம். அம்மணியின் காகிதம் அப்படித்தான் சிவந்தது. பூனைக்கென்று உள்ள, பிடரித் தோலில் விடும் சொட்டு மருந்தை, எடையைச் சொல்லி மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். நாய்க்கான மருந்தில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கலாம். அது பூனைக்கு வலிப்பை உண்டாக்கிக் கொல்லும்.

காதுக்குள் காபித்தூள் போன்ற அழுக்கு இருந்தால் சிற்றுண்ணியாக இருக்கலாம். உணவு ஒவ்வாமையும் தலையிலும் கழுத்திலும் அரிப்பைத் தரும். தைராய்டுக்கு மெத்திமசோல் மாத்திரை தொடங்கிய பிறகு முகத்தைப் பிய்த்துக்கொண்டால் அது மருந்தின் பக்கவிளைவாக இருக்கக்கூடும். நீங்களாக நிறுத்தாமல் அன்றே மருத்துவரை அழையுங்கள். அரிப்பை அடக்கும் மருந்தையும் அவரிடமே கேளுங்கள். கேட்கும்போது சிறுநீரகம், சர்க்கரை பற்றிய பழைய அறிக்கைகளைக் கையோடு கொண்டுபோங்கள், ஏனென்றால் வலி மருந்தும் ஸ்டீராய்டும் அவற்றைப் பொறுத்தே முடிவாகும்.

படி 6: கழற்றுதல்

பொருக்கு தானாக உதிர்ந்து, அடியில் காய்ந்த இளஞ்சிவப்புத் தோல் தெரிந்து, முடி முளைக்கத் தொடங்கியிருக்க வேண்டும். அப்போதும் முதல் நாள் அரை மணி நேரம், உங்கள் கண் முன்னால் மட்டும். கால் கழுத்தை நோக்கி எழுந்தால் மறுபடி மாட்டுங்கள். அடுத்த நாள் பகல் முழுதும், இரவில் கூம்போடு. பிறகுதான் முழு விடுதலை. அம்மணிக்கு 17 நாள் ஆயிற்று. கழற்றியதும் அவள் சொறியவில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்து, எட்டாமல் போயிருந்த முதுகை எல்லாம் நக்கித் தீர்த்தாள்.

கூம்பைக் கழுவி, காயவைத்து, பீரோ மேல் வையுங்கள். தெள்ளுப்பூச்சியின் கூட்டுப்புழு வீட்டுக்குள் மாதக்கணக்கில் காத்திருக்கும் என்பதால், படுக்கைத் துணிகளை வெந்நீரில் துவைத்துவிட்டு, சொட்டு மருந்தின் அடுத்த மூன்று தேதிகளை நாட்காட்டியில் இன்றே வட்டமிடுங்கள்.