ஒரே கல்யாண வீடியோவை ப்ளூரேயிலும் டிவிடியிலும் போடுவது எப்படி?

சேலத்தில் மாப்பிள்ளை வீட்டில் ப்ளூரே பிளேயர் இருக்கும். ஏற்காட்டில் பாட்டி வீட்டில் பழைய டிவிடி பிளேயரும் பெட்டி டிவியும்தான். கல்யாண வீடியோ இரண்டு வீட்டிலும் நன்றாகத் தெரிய வேண்டும். இதற்காக வேலையை இரண்டு முறை செய்ய வேண்டாம். டிஸ்க் தயாரிக்கும் பழைய மென்பொருளான அடோபி என்கோர் சிஎஸ்6 உங்களிடம் இருந்தால், ஒரே புராஜெக்டிலிருந்து இரண்டு டிஸ்க்கும் எடுக்கலாம்.

முதலில் எடிட்டை 1920×1080, நொடிக்கு 25 ஃபிரேம் கணக்கில் முடித்து, தரம் குறையாத ஒரு மாஸ்டர் கோப்பு எடுத்து வையுங்கள். ப்ளூரேக்குச் சுருக்கிய கோப்பிலிருந்து டிவிடி எடுக்கக் கூடாது. இரண்டுமே மாஸ்டரிலிருந்துதான் வர வேண்டும். ப்ளூரேயில் 1080-க்கு 25 புரோகிரசிவ் (முழுப் படத்தையும் ஒரே தடவையில் காட்டுவது) கிடையாது, அதனால் 1080i (ஒன்று விட்டு ஒரு வரியாகக் காட்டுவது) என்பதையே தேர்ந்தெடுங்கள்.

அடுத்து மெனு. புதிதாகச் செய்கிறவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். ப்ளூரேயில் 1080 வரியில் இருக்கும் படம் டிவிடியில் 576 வரிக்குள் அடங்க வேண்டும். 'ஊஞ்சல்' என்று மெல்லிய எழுத்தில் போட்டுப் பாருங்கள்: கம்ப்யூட்டரில் அழகாக இருக்கும், டிவிடியில் 'ஞ'வின் சுழி அடைத்துக்கொண்டு கறுப்புப் புள்ளியாகிவிடும். 'நலங்கு', 'முகூர்த்தம்' எல்லாம் தடித்த எழுத்தில், 60 பிக்சல் உயரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். அலங்காரக் கோடுகளுக்கு 4 பிக்சலாவது கனம் கொடுங்கள். அதைவிட மெலிந்தால் பெட்டி டிவியில் கோடு துடித்துக்கொண்டே இருக்கும். ஓரங்களில் பத்தில் ஒரு பங்கை விட்டுவிட்டுப் பட்டன்களை உள்ளே வையுங்கள். டிவிடிக்கு 16:9 (அகலத் திரை) குறியீடு போட மறந்தால் எல்லார் முகமும் நீண்டுவிடும்.

அப்புறம் பிட்ரேட், அதாவது ஒரு நொடி வீடியோவுக்கு எவ்வளவு டேட்டா என்ற கணக்கு. இரண்டு மணி நேர வீடியோ என்றால், 4.7 ஜிபி டிவிடிக்கு எம்பெக்-2 என்ற சுருக்க முறையில் 4.5 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்), ஒலிக்கு டால்பி டிஜிட்டல் 192 கேபிபிஎஸ் (நொடிக்கு கிலோபிட்). 25 ஜிபி ப்ளூரேக்கு எச்.264 சுருக்க முறையில் 22 எம்பிபிஎஸ் தாராளம். என்கோரில் இரண்டுக்கும் தனித்தனி டிரான்ஸ்கோட் (சுருக்கி மாற்றும்) அமைப்பு உண்டு. இரண்டு பாஸ் விபிஆர் வைத்துக்கொள்ளுங்கள்: வீடியோவை ஒரு முறை அலசிவிட்டு, காட்சிக்குத் தகுந்தபடி பிட்ரேட்டைக் கூட்டிக் குறைக்கும் முறை அது.

டிவிடி என்கோட் ஆனதும் ஏற்காட்டில் எடுத்த காட்சியைத்தான் முதலில் ஓட்டிப் பார்ப்பேன். லேடீஸ் சீட் என்ற மலை உச்சிக் காட்சி முனையில் ஜோடி நிற்க, பின்னால் பனிமூட்டம் மெல்ல நகரும். குறைந்த பிட்ரேட்டுக்கு அந்தப் பனியைப் போல எமன் வேறில்லை. வெள்ளைப் புகை பட்டை பட்டையாகப் பிரிந்து, கட்டம் கட்டமாக நகரும். அப்படித் தெரிந்தால் வீடியோ நீளத்தைக் குறையுங்கள், இல்லையென்றால் 8.5 ஜிபி இரட்டை அடுக்கு டிஸ்க்குக்குப் போங்கள். மணமக்களுக்குப் பிடித்த காட்சியைக் கெடுத்துக் கொடுக்க எனக்கு மனம் வராது.

சரி, இனி பில்ட், அதாவது டிஸ்க்கை உருவாக்குவது. வெளியீட்டில் முதலில் டிவிடி, பிறகு ப்ளூரே என்று மாற்றி இரண்டு முறை எடுத்தால் போதும். மெனு, சேப்டர், இணைப்பு எல்லாம் அப்படியே வரும். டிவிடியை முதலில், திரும்பத் திரும்ப எழுதக்கூடிய (ஆர்டபிள்யூ) டிஸ்க்கில் பர்ன் செய்து, பழைய பிளேயரில் போட்டு, ரிமோட் அம்புக்குறியால் ஒவ்வொரு பட்டனுக்கும் போய்ப் பாருங்கள்.