ஒப்பந்தக் காலத்தின் நடுவில் இணையக் கட்டணம் ஏறினால்: யாழ்ப்பாணத்தில் இணைப்பை விட்டு விலகும் வழி

எங்கள் வீட்டு ஃபைபர் இணைப்பின் பில் ஒரு மாதம் திடீரென்று ஏறி வந்தது. இருபத்துநான்கு மாத ஒப்பந்தத்தில் பாதிதான் ஓடியிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் பில்லைக் கட்டாமல் விட்டுவிட்டேன். வெட்டுவதென்றால் வெட்டட்டும், தொல்லை விட்டது என்று நினைத்தேன். வெட்டினார்கள். சில மாதங்கள் கழித்து நிலுவை, தாமதக் கட்டணம், முன்கூட்டியே விலகியதற்கான கட்டணம் எல்லாவற்றையும் கூட்டி ஒரு சட்டத்தரணியின் கடிதம் வந்தது. அதுவும் அப்பாவின் பெயருக்கு. இணைப்பு அவர் பெயரில்தான் இருந்தது. வாழ்நாளில் ஒருவருக்கும் ஐந்து சதம் கடன் வைக்காத மனிதர். அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை.

அந்த அனுபவத்தில் கற்றதை வைத்து, பிறகு கொக்குவிலில் இருக்கும் சித்தியின் இணைப்பை ஒழுங்காக விலக்கிக்கொடுத்தேன். அந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் சட்டம் படித்தவன் அல்லன். கருமபீடத்தில் வரிசையில் நின்றவன்.

படிக்கத் தொடங்குமுன் ஒன்று: விலகும் நாள்வரை பில்லைக் கட்டிக்கொண்டே இருங்கள். கட்டாமல் விடுவது விலகல் ஆகாது. அது நிலுவை. நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் நிலுவைக்காரர் பேச்சை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

முதற்படி: ஏறியது எது?

பழைய பில்லையும் புதிய பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கடைசி வரியில் இருக்கும் மொத்தத் தொகையைப் பார்க்காதீர்கள். மாத வாடகை என்ற வரியையும் வரிகள் என்ற பகுதியையும் தனித்தனியே ஒப்பிடுங்கள். பில் ஏறுவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள்தான்.

ஒன்று, அரசாங்க வரி. 2024 ஜனவரி 1 இல் வற் வரி (பெறுமதி சேர் வரி) 15 வீதத்திலிருந்து 18 ஆனது. 2,500 ரூபாய் வாடகைக்கு வற் வரியை மட்டும் சேர்த்துப் பார்த்தால் 2,875 ரூபாய் 2,950 ஆகியிருக்கும். அதாவது பில்லில் ஏறத்தாழ 2.6 வீத ஏற்றம். அந்த மாதம் உங்கள் பில் அதைவிடக் கூடுதலாக ஏறியிருந்தால், 'வரி கூடிவிட்டது' என்ற பதில் முழு உண்மை அல்ல. அதேவேளை, ஏறியது வரி மட்டும் என்றால் நிறுவனத்துடன் வாதாடிப் பயனில்லை. வேறு நிறுவனத்துக்குப் போனாலும் அதே வரி அங்கேயும் காத்திருக்கும்.

இரண்டு, கட்டண உயர்வு. இங்கே நிறுவனங்கள் நினைத்தபடி விலையை மாற்ற முடியாது. இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அங்கீகாரம் வேண்டும். 2022 செப்டெம்பர் 5 முதல் கைத்தொலைபேசி, நிலையான தொலைபேசி, புரோட்பாண்ட் கட்டணங்களை 20 வீதத்தால் உயர்த்த ஆணைக்குழு அனுமதித்தது நினைவிருக்கும். அதே மாதம் முதலாம் திகதிதான் வற் வரியும் 12 இலிருந்து 15 ஆனது. இரண்டும் சேர்ந்து 2,800 ரூபாய் பில்லை 3,450 ஆக்கின. '20 வீதம்தானே கூடியது, எனக்கு ஏன் 23 வீதம்?' என்று அப்போது பலர் குழம்பியதற்குக் காரணம் இதுதான்.

மூன்று, சலுகைக் காலம் முடிவது. முதல் ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ குறைந்த வாடகை, பிறகு வழமையான வாடகை. ஒப்பந்தத்தில் இது எழுதியிருக்கும். விளம்பரத் துண்டுப் பிரசுரத்தில் எறும்பு எழுத்தில் இருக்கும். வெட்கத்தோடு சொல்கிறேன், எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். இரண்டாம் பக்கத்தில் இருந்தது. அப்பா கையெழுத்தும் வைத்திருந்தார். நான் போட்ட கூச்சலுக்கெல்லாம் அடிப்படையே இல்லை.

உங்கள் கையில் உண்மையான வாதம் இருப்பது இரண்டாவது வகையில்தான்.

இலண்டன் மச்சானின் ஆலோசனை

'விலை ஏற்றினால் முப்பது நாளுக்குள் சும்மா விலகலாம்' என்று வெளிநாட்டில் இருக்கும் ஓர் உறவினர் கட்டாயம் சொல்வார். எங்களுக்கும் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அது பிரித்தானிய விதி. அங்கே ஒஃப்கொம் என்ற ஒழுங்குபடுத்தும் அமைப்பு இருக்கிறது. ஒப்பந்தத்தில் சொல்லாத உயர்வை நிறுவனம் நடுவில் கொண்டுவந்தால் ஒரு மாதம் முன்னரே அறிவிக்க வேண்டும். வாடிக்கையாளர் அபராதமின்றி விலகலாம். உயர்வு ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்தால் அந்த உரிமை அங்கேயும் கிடையாது. 2025 ஜனவரி 17 இலிருந்து செய்யப்படும் புதிய ஒப்பந்தங்களில், வரப்போகும் உயர்வைப் பணவீக்க வீதத்தோடு முடிச்சுப் போடக்கூடாது, எத்தனை பவுண் எத்தனை பென்ஸ் என்று முன்னரே எழுத வேண்டும் என்றும் ஆக்கிவிட்டார்கள்.

அந்த விதியைக் காட்டிக் கஸ்தூரியார் வீதியிலோ ஆஸ்பத்திரி வீதியிலோ ஒரு கிளையில் வாதாடாதீர்கள். இங்கே எல்லாம் உங்கள் ஒப்பந்தத் தாளிலிருந்துதான் தொடங்குகிறது.

இரண்டாம் படி: ஒப்பந்தத்தை எடுங்கள்

பலரிடம் அது இருக்காது. கேபிள் இழுக்க வந்த தம்பி ஒரு படிவத்தை நீட்டியிருப்பார், கையெழுத்து வைத்திருப்பீர்கள், அவர் கொண்டுபோயிருப்பார். பரவாயில்லை. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் தேசிய அடையாள அட்டையுடன் கிளைக்குப் போய்ப் பிரதி ஒன்று கேட்கலாம். அவர் வெளிநாட்டில் இருந்தால் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதம் தேவைப்படும். இறந்துவிட்டவர் பெயரிலேயே ஓடும் இணைப்புகளும் எங்கள் ஊரில் நிறைய உண்டு. அப்படியானால் முதலில் பெயரை மாற்றிவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

தாள் ஆங்கிலத்தில் இருந்தால் ஆங்கிலம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் இருத்தி நான்கு விடயங்களை மட்டும் தேடுங்கள்: ஒப்பந்தம் எந்தத் திகதியில் முடிகிறது, இடையில் விலகினால் எவ்வளவு, கட்டணத்தை மாற்றும் உரிமை பற்றி என்ன எழுதியிருக்கிறது, ரவுட்டர் யாருக்குச் சொந்தம்.

மூன்றாவதை நிதானமாகப் படியுங்கள். 'கட்டணங்கள் மாறலாம்' என்று மட்டும் இருக்கிறதா, அறிவித்தல் தருவோம் என்று இருக்கிறதா? அறிவித்தல் தருவதாக எழுதிவிட்டு உங்களுக்குக் குறுஞ்செய்திகூட அனுப்பாமல் ஏற்றியிருந்தால், உங்கள் கடிதத்தின் முதுகெலும்பு அதுதான்.

மூன்றாம் படி: விலகுவது இலாபமா?

சித்தியின் கணக்கை முழு எண்களாக்கித் தருகிறேன். ஒன்பது மாதம் மீதி. புதிய பில் 3,450. வேறொரு நிறுவனம் 2,700 க்குத் தருவதாகச் சொன்னது. மாதம் 750 மிச்சம் என்றால் ஒன்பது மாதத்துக்கு 6,750. விலகல் கட்டணம் 6,000. ஆக, கையில் நிற்பது 750 ரூபாய்! அதற்காக இரண்டு நிறுவனங்களின் வாசலில் கால் கடுக்க நிற்க வேண்டுமா?

புதிய இணைப்புக் கட்டணத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. இப்போது மாறினாலும் ஒன்பது மாதம் கழித்து மாறினாலும் அதைக் கொடுக்கத்தானே வேண்டும். ஒப்பந்தம் முடிய மூன்று மாதம்தான் இருக்கிறதென்றால் பேசாமல் இருந்து முடியுங்கள். நிறைய மாதம் இருந்தால், சண்டை முழுவதும் அந்த 6,000 ஐக் குறைப்பது பற்றியது என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

நான்காம் படி: பேச்சு, பிறகு கடிதம்

முதலில் நேரில் போங்கள். திங்கட்கிழமை காலையைத் தவிருங்கள். கருமபீடத்தில் இருக்கும் பிள்ளை விலையை ஏற்றவில்லை. அவரிடம் கத்திப் பயனில்லை. 'தங்கச்சி, கட்டணம் கூடினதால் விலக யோசிக்கிறோம். விலகல் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய யாரிடம் கேட்க வேண்டும்?' என்று கேளுங்கள். சில நேரம் அங்கேயே குறைந்த பக்கேஜுக்கு மாற்றித் தருவதாகச் சொல்வார்கள். நல்ல யோசனைதான், ஆனால் ஒரு கேள்வி கேளுங்கள்: பக்கேஜை மாற்றினால் ஒப்பந்தக் காலம் மறுபடி முதலிலிருந்து தொடங்குமா? தொடங்கும் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

வாயால் சொன்னது காற்றோடு போகும். அன்றே கடிதம் எழுதுங்கள். சித்திக்கு நான் எழுதியது கிட்டத்தட்ட இப்படி:

*'முகாமையாளர் அவர்களுக்கு,*

*எனது கணக்கிலக்கம் …. இவ்விணைப்பின் மாத வாடகை … ரூபாயிலிருந்து … ரூபாயாக … திகதி முதல் உயர்த்தப்பட்டுள்ளது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது இவ்வுயர்வு எனக்குத் தெரிவிக்கப்படவில்லை. உயர்த்துவதற்கு முன் எழுத்துமூல அறிவித்தலும் கிடைக்கவில்லை. ஆகவே இவ்வொப்பந்தத்திலிருந்து விலக விரும்புகிறேன். விலை மாற்றம் உங்கள் பக்கத்திலிருந்து வந்ததால் விலகல் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். இன்றுவரை நிலுவை எதுவும் இல்லை. கடைசி மூன்று பற்றுச்சீட்டுகளின் பிரதிகளை இணைத்துள்ளேன். பதினான்கு நாட்களுக்குள் எழுத்தில் பதில் தரவும்.'*

உண்மையில்லாத வரியை எடுத்துவிடுங்கள். குறுஞ்செய்தி வந்திருந்தால் வரவில்லை என்று எழுதாதீர்கள். அவர்களிடம் பதிவு இருக்கும். கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி அந்தத் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் முத்திரையும் திகதியும் வாங்குங்கள்.

சித்திக்குப் பத்தாம் நாள் அழைப்பு வந்தது. பாதிக் கட்டணம் போதும் என்றார்கள். சித்தி உடனே சம்மதித்துவிட்டார். இன்னும் கொஞ்சம் இழுத்திருக்கலாம் என்று எனக்கு இன்னும் மனத்தாங்கல்.

ஐந்தாம் படி: பதில் வராவிட்டால்

தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு முறையிடுங்கள். துரித அழைப்பு இலக்கம் 1900. நிறுவனத்திடம் முதலில் முறையிட்டதற்கு ஆதாரம் கேட்பார்கள். பதிவுத் தபால் துண்டின் அருமை அப்போது தெரியும். தமிழிலேயே எழுதலாம். அரச நிறுவனத்தோடு தமிழில் தொடர்புகொண்டு தமிழில் பதில் பெறுவது அரசியலமைப்பு தரும் உரிமை.

விளம்பரத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டு வேறொன்றைக் கொடுத்தார்கள் என்பது உங்கள் குறையென்றால் நுகர்வோர் விவகார அதிகார சபையும் இருக்கிறது, இலக்கம் 1977. சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் அங்கே எழுத்தில் முறையிட வேண்டும் என்பது 2003 ஆம் ஆண்டின் சட்டம். ஆறப்போடாதீர்கள்.

பிணக்குகளை இரு தரப்பையும் வைத்துப் பேசித் தீர்க்கும் மத்தியஸ்த சபையிலிருந்து அழைப்பு வந்தால் பயப்பட வேண்டாம், போகாமலும் இருக்க வேண்டாம். அது நீதிமன்றம் அல்ல. கட்டணம் இல்லை, சட்டத்தரணிகள் வந்து வாதாட இடமும் இல்லை. எங்கள் பழைய பிணக்கு அங்கேதான் தீர்ந்தது. ஒரு சனிக்கிழமை காலை, பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில், சிறுபிள்ளைகளின் வாங்கில் அப்பாவும் நானும் மடங்கி உட்கார்ந்திருந்தோம். தாமதக் கட்டணத்தை விட்டுக்கொடுத்தார்கள். மீதியை நான்கு தவணையில் கட்டினோம்.

ஆறாம் படி: துண்டிக்கும் நாள்

புதிய இணைப்பு வேலை செய்யத் தொடங்கிய பிறகே பழையதை வெட்டச் சொல்லுங்கள். பனையோலை விழுந்து கேபிள் அறுந்தாலே இரண்டு நாள் வீடு அல்லோலகல்லோலப்படும். இடைவெளி விட்டால் கேட்கவா வேண்டும்.

இன்னொன்று, பலர் பிறகு அழுவது இதற்குத்தான்: இணையத்தோடு வீட்டுத் தொலைபேசியும் ஒரே இணைப்பில் இருந்தால் 021 இல் தொடங்கும் அந்த இலக்கமும் போய்விடும். கனடாவில் இருக்கும் பெரியம்மாவுக்கு மனப்பாடமான ஒரே இலக்கம் அதுவாக இருக்கலாம். முன்னரே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

ரவுட்டர் நிறுவனத்துக்குச் சொந்தமென்றால் மின்கம்பி, பெட்டி உட்பட எல்லாவற்றையும் கிளையில் ஒப்படைத்து, அதன் தொடரிலக்கம் எழுதிய பற்றுச்சீட்டு வாங்குங்கள். ஒப்படைக்குமுன் அந்த இலக்கத்தைப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, கணக்கு மூடப்பட்டது, நிலுவை இல்லை என்று எழுத்தில் கேளுங்கள். அடுத்த இரண்டு மாதமும் பில் வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால் கட்டாதீர்கள், அந்தக் கடிதத்தோடு கிளைக்குப் போங்கள். எழுத்திலான ஒப்பந்தத்தின் பேரில் வழக்குப் போட இலங்கையில் ஆறு ஆண்டு அவகாசம் இருப்பதால் இந்தத் தாள்களை அவ்வளவு காலமும் வைத்திருக்க வேண்டும். சித்தியின் கோப்பு அவருடைய அலுமாரியில் காணி உறுதிக்குக் கீழே இருக்கிறது.