குளிருக்கு ஒரு கட்டிங் போடுறவங்க ஈரலைப் பாத்துக்குறது எப்படி

கோத்தகிரில மார்கழி வந்தா ஆறு மணிக்கெல்லாம் பனி இறங்கிடும், தோட்ட வேலை முடிச்சு வர்றவங்க "குளிருக்கு ஒரு கட்டிங்"னு தான் ஆரம்பிப்பாங்க, எங்க சித்தப்பாவும் அப்படித்தான். ஆனா சரக்கு போட்டா தோல்ல ரத்தம் கூடி சூடா தெரியுமே தவிர, உள்ள இருக்குற சூடு வெளிய தான் போகுது. குளிருக்கு சூடா ஒரு டீயும் வர்க்கியும் போதும்ங்க.

குடிக்கிறவங்க முதல்ல அளவை தெரிஞ்சுக்கோங்க. குவாட்டர்னா 180 மில்லி, அதுல சுத்தமான ஆல்கஹால் 60 கிராம். கட்டிங்னா அதுல பாதி, 90 மில்லி, அதுல 30 கிராம். "பீர் தானே"ன்னு சொல்லாதீங்க, பெரிய பாட்டில் ஸ்ட்ராங் பீர்லயே 40 கிராம் வரை இருக்கு. ஈரல் மணிக்கு 8, 10 கிராம் தான் கரைக்கும், அப்போ ராத்திரி ஒன்பதுக்கு ஒரு குவாட்டர் போட்டா விடியக்காலை மூணு, நாலு வரைக்கும் அது தூங்காம வேலை பாக்குது.

கண்ணளவை நம்பவே நம்பாதீங்க. சித்தப்பா சில்வர் டம்ளர்ல கட்டிங்னு ஊத்துன அளவுக்கு தண்ணி ஊத்தி, பிள்ளைங்க சிரப் மூடியால அளந்து பாத்தேன், 130 மில்லி வந்துச்சு! அன்னைக்கே டம்ளர்ல ஆணியால 30 மில்லிக்கு ஒரு கோடு கீறிக் குடுத்தேன்.

வாரக் கணக்குக்கு ஒரு வழி இருக்கு. நம்ம நீலகிரில 2022ல இருந்து காலி பாட்டில் குடுத்தா பத்து ரூபா திரும்பத் தர்றாங்கல்ல, அதை அன்னன்னைக்கு குடுக்காம சாக்குல போட்டு ஞாயித்துக்கிழமை எண்ணுங்க. இங்கிலாந்துல வாரத்துக்கு 112 கிராமுக்கு மேல வேணாம்ங்குறாங்க, அதாவது ரெண்டு குவாட்டர் கூட இல்ல, அதையும் மூணு நாளாவது பிரிச்சு தான். உலக சுகாதார நிறுவனம் 2023ல பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு சொல்லிடுச்சு, நானும் அந்தப் பக்கம் தான்.

ஈரல்ல கொழுப்பு படிஞ்சா வலிக்காதுங்க, அதான் பயமே. எல்எஃப்டின்னு ஈரலுக்கு எடுக்குற ரத்தப் பரிசோதனை நார்மல்னு வந்தாலும் வயித்து ஸ்கேனும் டாக்டர்கிட்ட கேட்டு எடுத்துடுங்க. வெறும் கொழுப்பா இருந்தா சுத்தமா நிறுத்தின சில வாரத்துலயே பெரும்பாலும் குறைய ஆரம்பிக்கும், தழும்பு விழுந்துட்டா ஒரு சொட்டு கூட ஆகாது. குடிச்சுட்டு தலைவலின்னு பாராசிட்டமால் மேல பாராசிட்டமால் போடாதீங்க, அதுவும் ஈரல்ல தான் போய் விழுது.

தினமும் குடிச்சு, காலைல கை நடுங்குற ஆளா இருந்தா திடீர்னு நிறுத்தாதீங்க, வலிப்பு வரலாம், டாக்டர் மருந்தோட தான் நிறுத்தணும். கண்ணு மஞ்சளாச்சு, வயிறு உப்புது, ரத்த வாந்தி, தார் மாதிரி கருப்பா போகுதுன்னா விடியட்டும்னு இருக்காம 108க்கு போன் போடுங்க, மலைல வண்டி வரவே நேரமாகும்.