முன்மொழிவுக்கு உயிர் இருக்கிறதா? இங்கிலாந்து ஒப்பந்தச் சட்டத்தில் முதல் பாடம்

ஒருவர் "இந்த விலைக்குத் தருகிறேன்" என்று எழுதுகிறார். சில நாள் கழித்து மற்றவர் "வாங்கிக்கொள்கிறேன்" என்று பதில் போடுகிறார். ஒப்பந்தம் ஏற்பட்டுவிட்டதா? யார் பக்கம் நியாயம் என்று யோசிக்கத் தொடங்கினால் வழி தவறிவிடுவீர்கள். ஏற்பு நிகழ்ந்த கணத்தில் முன்மொழிவு உயிரோடு இருந்ததா என்று மட்டும் பாருங்கள்.

இந்தியாவில் இதற்கு 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில் 6-ஆம் பிரிவு இருக்கிறது. இங்கிலாந்தில் அப்படி ஒரு பிரிவு கிடையாது. பழைய தீர்ப்புகளிலிருந்துதான் விதிகளைப் பொறுக்கி எடுக்க வேண்டும்.

படி 1: தாளில் இரண்டு பத்திகள்

ஒவ்வொரு கடிதத்துக்கும் தந்திக்கும் இரண்டு நேரங்களைக் குறியுங்கள்: அனுப்பியது எப்போது, போய்ச் சேர்ந்தது எப்போது. சோம்பல்பட்டு ஒரே தேதியைப் போடாதீர்கள். தபால் வழியாகப் பதிலனுப்புவது இயல்பான இடங்களில், ஏற்புக் கடிதம் தபாலில் சேர்த்த உடனேயே செல்லுபடியாகும் என்பது 1818-இல் ஆடம்ஸ் எதிர் லிண்ட்செல் வழக்கிலிருந்து வரும் விதி. ஏற்புத் தந்திக்கும் இதே கணக்குத்தான். முன்மொழிவைத் திரும்பப் பெறும் கடிதத்துக்கு இந்தச் சலுகை இல்லை. அது மற்றவரை எட்டியாக வேண்டும். தொலைபேசியில் பேசினால் ஏற்பும் எதிர்முனையை எட்டினால்தான் செல்லும்.

படி 2: பதில் என்ன வகை?

"வேண்டாம்" என்றால் முன்மொழிவு அத்துடன் முடிந்தது. பேரம் பேசினாலும் அப்படித்தான். இதுதான் புதிதாகப் படிப்பவர்களைத் தடுக்கி விழவைக்கும் இடம்.

ஹைட் எதிர் ரென்ச், 1840. ரென்ச் தன் பண்ணையை 1,000 பவுனுக்குத் தருவதாகச் சொன்னார். ஹைட் 950 என்று குறைத்துக் கேட்டார். ஜூன் 27-இல் ரென்ச் மறுத்துவிட, 29-இல் ஹைட் "சரி, 1,000 பவுனே தருகிறேன்" என்றார். பேரம் பேசிப் பழகிய நமக்கு இது இயல்பாகத் தோன்றும். ஆனால் 950 என்று கேட்டபோதே ஹைட் பழைய முன்மொழிவைத் தன் கையாலேயே கொன்றுவிட்டார் என்றது நீதிமன்றம். ஜூன் 29-இல் அவர் எழுதியது ஏற்பு அல்ல, ஒரு புதிய முன்மொழிவு. அதை ஏற்பதும் விடுவதும் ரென்ச்சின் விருப்பம்.

வெறும் விசாரிப்பு வேறு. "தவணையில் தரலாமா?" என்று கேட்பதால் மட்டும் முன்மொழிவு சாகாது. வித்தியாசம் சொற்களில்தான் இருக்கிறது. ஒவ்வொரு சொல்லாகப் படியுங்கள்.

படி 3: திரும்பப் பெற்றாரா?

ஏற்பதற்கு முன்பு எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். "வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கிறேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தாலும் கட்டுப்படாது. அந்த வாக்குக்கு எதிர்த்தரப்பு ஏதாவது மறுபயன், ஒரு பவுனாவது, கொடுத்திருந்தால்தான் கட்டும்.

பைர்ன் எதிர் வான் டியன்ஹோவன் (1880) வழக்கை நம் இரண்டு பத்திகளில் போட்டுப் பாருங்கள். கார்டிஃபிலிருந்து நியூயார்க்குக்குத் தகரத் தகடு விற்கும் முன்மொழிவு அக்டோபர் 1-இல் புறப்பட்டு, 11-இல் சேர்ந்தது. அதற்குள் 8-ஆம் தேதியே திரும்பப் பெறும் கடிதமும் கிளம்பிவிட்டது. 11-ஆம் தேதி வாங்குபவர் தந்தியில் ஏற்றார். திரும்பப் பெறும் கடிதம் அவரை எட்டியது 20-இல்தான். ஒப்பந்தம் உண்டு.

திரும்பப் பெறும் செய்தியை முன்மொழிந்தவரே சொல்ல வேண்டும் என்பதும் இல்லை. டிக்கின்சன் எதிர் டாட்ஸ் வழக்கில், 800 பவுனுக்கு வீடு. முன்மொழிவு வெள்ளி காலை 9 மணி வரை. வியாழக்கிழமையே, டாட்ஸ் வேறொருவரிடம் விற்பனை பேசுகிறார் என்று டிக்கின்சன் காதுக்கு வந்தது. அன்று மாலை ஏற்புக் கடிதத்தை டாட்ஸின் மாமியாரிடம் கொடுத்தார். அந்த அம்மாள் மருமகனிடம் தர மறந்துவிட்டார். வெள்ளி காலை டார்லிங்டன் ரயில் நிலையத்தில் டாட்ஸைப் பிடித்து நகலைக் கொடுத்தபோது மணி 9 ஆகவில்லை. ஆனாலும் டிக்கின்சன் தோற்றார். விஷயம் தெரிந்த பிறகு ஏற்க முடியாது என்பது 1876-இல் வந்த தீர்ப்பு. எனக்கு இது இன்னும் முழுதாகச் செரிக்கவில்லை. யாரோ சொன்ன சேதியை எவ்வளவு நம்புவது என்ற பாரத்தை, வாங்க வந்தவர் தலையில் ஏற்றிவிடுகிறார்கள்.

படி 4: தானாகவே முடிந்ததா?

கெடு வைத்திருந்தால் அதோடு சரி. வைக்காவிட்டால் நியாயமான காலம். ராம்ஸ்கேட் விக்டோரியா ஹோட்டல் வழக்கில் ஜூனில் பங்குக்கு விண்ணப்பித்தவருக்கு நவம்பரில் ஒதுக்கினார்கள். காலம் கடந்துவிட்டது என்று 1866-இல் தீர்ப்பு. பொருள் இருந்த நிலை மாறினாலும் சில சமயம் முடிந்துவிடும்: 1962-இல் ஃபைனான்சிங்ஸ் எதிர் ஸ்டிம்சன் வழக்கில், தவணையில் கார் எடுக்க ஒருவர் தந்த முன்மொழிவில் நிதி நிறுவனம் கையெழுத்திடும் முன்பே அந்தக் கார் திருடப்பட்டுச் சேதமாகியிருந்தது. முன்மொழிந்தவர் இறந்துவிட்டார் என்று தெரிந்த பிறகு ஏற்க முடியாது.

படி 5: நீங்களே செய்து பாருங்கள்

ஸ்டீவன்சன், ஜாக்ஸ் எதிர் மெக்லீன், 1880. டன் 40 ஷில்லிங், ரொக்கத்துக்கு இரும்பு. முன்மொழிவு திங்கள் வரை. திங்கள் காலை வாங்குபவர்கள் தந்தி அடித்தார்கள்: இரண்டு மாதத்தில் பிரித்து எடுத்துக்கொள்ள 40-க்கே சம்மதிப்பீர்களா, இல்லையென்றால் அதிகபட்சம் எவ்வளவு அவகாசம் தருவீர்கள்? பதில் இல்லை. 1.25-க்கு மெக்லீன் "இரும்பு விற்றுவிட்டது" என்று தந்தி கொடுத்தார். 1.34-க்கு வாங்குபவர்கள் ஏற்புத் தந்தி கொடுத்தார்கள். மெக்லீனின் தந்தி அவர்களை அடைந்தது 1.46-க்கு.

தாளை எடுத்து எழுதிவிட்டு மேலே படியுங்கள்.

காலைத் தந்தி விசாரிப்பு. 40 ஷில்லிங்கை அது தொடவே இல்லை. ஆகவே படி 2-இல் முன்மொழிவு பிழைத்துக்கொண்டது. படி 3-இல் 1.25 கணக்கில் வராது, 1.46 வரும், அதற்குப் பன்னிரண்டு நிமிடம் முன்பே ஏற்பு முடிந்திருந்தது. வேறொருவருக்கு விற்றுத் தீர்த்த இரும்புக்காக மெக்லீன் இவர்களுக்கும் பொறுப்பாளியானார்.