ஒரு கார்டு, பல விஎம்: ஹைப்பர்-வியில் மெய்நிகர் எச்பிஏ போடுவது எப்படி

வெள்ளவத்தைப் பக்கம் பழைய காணி ஒன்றைப் பிள்ளைகளுக்குப் பிரித்து எழுதினால், இலக்கம் 45 என்றிருந்த வீடு 45/1, 45/2, 45/3 என்று ஆகிவிடும். ஒழுங்கை ஒன்றுதான், கேற்றும் ஒன்றுதான். ஆனாலும் 45/2க்கு வந்த கடிதத்தைத் தபால்காரர் 45/3இல் போட்டுவிட்டுப் போவதில்லை.

சேர்வரில் இருக்கும் ஒரே ஃபைபர் சனல் கார்டை அதற்குள் ஓடும் மெய்நிகர் கணினிகள், அதாவது விஎம்கள், பங்குபோட்டுக்கொள்வதும் இந்தக் கணக்குத்தான். அந்தக் கார்டுக்கு எச்பிஏ என்று பெயர். சான் எனப்படும் ஸ்டோரேஜ் வலைக்குள் நுழையும்போது அது தன் இலக்கத்தைக் காட்டும். 64 பிட், எழுதினால் 16 எழுத்து. இதை வேர்ல்ட் வைட் நேம் என்பார்கள். நான் இங்கே இலக்கம் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். என்பிஐவி என்ற வசதி இயங்கினால், அதே போர்ட் வழியாக இன்னும் பல இலக்கங்கள் உள்ளே போகலாம். சுவிச் ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு 24 பிட் முகவரி கொடுக்கும். இப்படி நுழையும் இலக்கத்தை வைத்திருப்பதுதான் மெய்நிகர் எச்பிஏ. ஸ்டோரேஜுக்கு உங்கள் விஎம் இப்போது தனி ஒரு கணினி.

விஎம்களை ஓட்டும் மைக்ரோசொஃப்ட் மென்பொருளான ஹைப்பர்-வியில் இந்த வசதி விண்டோஸ் சேர்வர் 2012இலிருந்து இருக்கிறது. லினக்ஸின் கேவிஎம்மிலும் செய்யலாம். ஆனால் அங்கே கட்டளைகள் அதிகம் என்பதால், புதிதாகத் தொடங்குபவருக்கு ஹைப்பர்-வியின் திரைகள் இலகு.

யாருக்கு இது வேண்டாம்

உங்கள் அலுவலகத்தில் ஃபைபர் சனல் ஏற்கெனவே இல்லையென்றால் இதற்காகப் புதிதாக வாங்காதீர்கள். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் ஏறி இறங்கி வாங்கிவரும் சாதாரண நெட்வேர்க் சாமான்களோடு ஐஸ்கஸி ஓடும்; அதுவும் ஸ்டோரேஜை இணைக்கும் ஒரு முறைதான். விஎம்முக்கு உள்ளேயே ஐஸ்கஸி இனிஷியேட்டரைத் திறந்து ஸ்டோரேஜின் ஐபி முகவரியைக் கொடுத்தால் வேலை முடிந்தது. சான் ஏற்கெனவே இருக்கிறது, அதிலுள்ள பெரிய டேட்டாபேஸை நகலெடுக்காமல் அப்படியே விஎம்முக்குக் கொடுக்க வேண்டும், அல்லது இரண்டு விஎம்களை ஒரே டிஸ்க்கில் கிளஸ்டராக, ஒன்று விழுந்தால் மற்றது வேலையை ஏற்கும்படி, கட்ட வேண்டும் என்றால் மட்டும் தொடர்ந்து வாசியுங்கள்.

படி 1: கீழே இருப்பவை தயாரா

சுவிச்சில் என்பிஐவி இயக்கப்பட்டிருக்க வேண்டும். சில சுவிச்சுகளில் அது ஆரம்பத்திலேயே இயங்கும், சிலவற்றில் நாம்தான் இயக்க வேண்டும். எச்பிஏயும் அதன் டிரைவரும் என்பிஐவியை ஏற்க வேண்டும். கார்டின் பயோஸில் அது அணைந்து கிடந்து ஒரு பகல் முழுவதும் போனவர்களை எனக்குத் தெரியும். சுவிச்சே இல்லாமல் ஸ்டோரேஜை நேரே சேர்வரில் சொருகியிருந்தால் இந்த முறை சரிவராது.

விஎம்மில் ஓடுவது விண்டோஸ் சேர்வர் 2008 அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்கட்டும். இன்னொன்று: இந்த வழியாக வரும் டிஸ்க்கில் இருந்து விஎம்மை பூட் செய்ய முடியாது. இயங்குதளம் வழக்கம்போல மெய்நிகர் டிஸ்க் கோப்பிலேயே இருக்கும். சான் டிஸ்க் தரவுக்கு மட்டும்.

படி 2: மெய்நிகர் சான்

ஹைப்பர்-வி மனேஜரைத் திறந்து, வலது பக்கத்தில் 'வேர்ச்சுவல் சான் மனேஜர்' என்பதைச் சொடுக்குங்கள். புதிய ஃபைபர் சனல் சான் ஒன்றை உருவாக்கி, பெயர் வைத்து, கீழே தெரியும் எச்பிஏ போர்ட்டைத் தெரிவுசெய்யுங்கள். ஒழுங்காகக் கட்டிய இடங்களில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு வலைகள் இருக்கும், ஒன்று படுத்தாலும் மற்றது ஓடுவதற்காக. அப்படியானால் மெய்நிகர் சானும் இரண்டு வேண்டும்.

பெயர் வைப்பதில் ஒரு சின்ன விஷயம். பெரும்பாலானோர் இந்த இரண்டு வலைகளையும் ஏ, பி என்று அழைப்பார்கள். அடுத்த படியில் ஹைப்பர்-வியும் வேறொரு ஏ, பியைக் கொண்டுவந்து முன்னால் வைக்கும், அங்கேதான் தலை சுற்றும். அதனால் நான் நீலம், பச்சை என்று வைப்பேன். புறக்கோட்டையில் வாங்கிய நிற டேப்பைக் கேபிள் முனைகளிலும் சுற்றிவிடுவேன். கிளஸ்டரில் பல ஹோஸ்ட்கள், அதாவது விஎம்களை ஓட்டும் சேர்வர்கள், இருந்தால் எல்லாவற்றிலும் இதே பெயர்கள் எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். மாறினால் விஎம் அந்த ஹோஸ்டுக்கு நகராது.

அதே சாளரத்தில், இலக்கங்கள் எந்த வரம்புக்குள் உருவாகும் என்பதும் தெரியும். ஹைப்பர்-வி தானாகக் கொடுப்பவை சி003எஃப்எஃப் என்று தொடங்கும். இரண்டு ஹோஸ்ட்களில் ஒரே வரம்பு விழவில்லையா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

படி 3: விஎம்முக்கு அடாப்டர்

விஎம்மை அணைத்துவிடுங்கள், ஓடும்போது சேர்க்க முடியாது. 'செட்டிங்ஸ்' போய், 'அட் ஹாட்வெயார்' பகுதியில் 'ஃபைபர் சனல் அடாப்டர்' சேர்த்து, நீல சானைத் தெரிவுசெய்யுங்கள். இன்னொன்று சேர்த்துப் பச்சையைக் கொடுங்கள். ஒரு விஎம்முக்கு நான்கு வரை சேர்க்கலாம் என்றாலும் இரண்டு போதும்.

இப்போது திரையை உற்றுப் பாருங்கள். ஒவ்வொரு அடாப்டருக்கும் ஏ, பி என்று இரண்டு தொகுதி முகவரிகள் தெரியும். ஏன் இரண்டு?

புது வீட்டில் பால் காய்ச்சிக் குடியேறும் வரை பழைய வீட்டுத் திறப்பைக் கொடுத்துவிடமாட்டோம் அல்லவா? விஎம்மை அணைக்காமலே வேறு ஹோஸ்டுக்கு மாற்றும் லைவ் மைகிரேஷனும் அப்படித்தான். விஎம் முதலாவது ஹோஸ்ட்டில் ஏ இலக்கத்தோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே, இரண்டாவது ஹோஸ்ட் பி இலக்கத்தோடு சானுக்குள் நுழைந்து டிஸ்க்கைப் பிடித்துக்கொள்ளும். பிறகுதான் விஎம் இடம் மாறும். நடுவில் டிஸ்க் ஒரு கணமும் அறுவதில்லை. அடுத்த தடவை நகரும்போது ஏயின் முறை.

ஆக, அடாப்டர் இரண்டு, தொகுதி இரண்டு: மொத்தம் நான்கு போர்ட் இலக்கங்கள் (திரையில் WWPN என்றிருப்பவை). நான்கையும் இப்போதே ஒரு கோப்பில் எழுதிவையுங்கள். எந்த விஎம், எந்த வலை, எந்தத் தொகுதி என்று பக்கத்தில் குறியுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம் மட்டும் மனதில் நின்றால் போதும் என்றால், அது இந்தக் கோப்பு.

அனுபவத்தில் சொல்கிறேன். கோட்டையில் ஓர் அலுவலகத்தில், ஞாயிறு இரவு பராமரிப்பு வேலைக்காக விஎம்களை ஒரு ஹோஸ்ட்டில் இருந்து மற்றதற்கு மாற்ற உட்கார்ந்தோம். மாதக்கணக்காக ஒரு குறையும் இல்லாமல் ஓடிய விஎம் நகர மறுத்தது. காரணம் கடைசியில் தெரிந்தது. ஸ்டோரேஜைக் கவனிக்கும் நண்பர், சுவிச்சில் கண்ணுக்குத் தெரிந்த இலக்கங்களை மட்டும் சேர்த்திருந்தார். அவரில் பிழை சொல்ல முடியாது: பி இலக்கம், விஎம் நகரும் நொடி வரை சுவிச்சில் தலைகாட்டவே காட்டாது. நான்தான் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

படி 4: சோனிங்கும் மாஸ்கிங்கும்

யார் யாரோடு பேசலாம் என்று சுவிச்சில் சொல்வது சோனிங். எந்த டிஸ்க் யாருக்கு என்று ஸ்டோரேஜில் சொல்வது மாஸ்கிங். நீல வலையின் சுவிச்சில், நீல அடாப்டரின் ஏ, பி இரண்டையும் ஸ்டோரேஜின் போர்ட்டோடு சோனில் போடுங்கள். பச்சையிலும் அதே வேலை. ஸ்டோரேஜில் இந்த விஎம்முக்கென்று ஒரு பதிவு (அங்கே அதையும் ஹோஸ்ட் என்பார்கள்) உருவாக்கி, நான்கு இலக்கங்களையும் அதன் கீழ் சேர்த்து, லன்னை, அதாவது ஸ்டோரேஜ் பிரித்துத் தரும் டிஸ்க்கை, கொடுங்கள். சேர்வரின் சொந்த எச்பிஏ இலக்கத்தை இதில் சேர்க்க வேண்டாம். விஎம்மின் டிஸ்க்கை சேர்வர் பார்க்கத் தேவையில்லை.

இலக்கங்களைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டாதீர்கள். பி, சி, டி, ஈ நான்கும் காதில் ஒரேமாதிரி விழும். கோப்பை அனுப்புங்கள், அவர் வெட்டி ஒட்டட்டும்.

படி 5: விஎம்முக்கு உள்ளே

விஎம்மை இயக்குங்கள். அது இயங்கவே மறுத்தால் முதல் சந்தேகம் சுவிச்சின் என்பிஐவி மேல்தான்.

உள்ளே போனதும் டிஸ்க் மனேஜ்மென்டைத் திறந்தால், கேட்டது 200 ஜிபி டிஸ்க் ஒன்று, தெரிவதோ இரண்டு. பயப்பட வேண்டாம், தயவுசெய்து இரண்டையும் ஃபோமட் பண்ணவும் வேண்டாம். அது ஒரே டிஸ்க், இரண்டு பாதைகளில் வந்து நிற்கிறது. சேர்வர் மனேஜரில் 'மல்டிபாத் ஐ/ஓ' என்ற வசதியை நிறுவி, அதன் 'டிஸ்கவர் மல்டி-பாத்ஸ்' பக்கத்தில் உங்கள் ஸ்டோரேஜைச் சேர்த்து, ஒருமுறை மீள இயக்குங்கள். இப்போது ஒன்றுதான் தெரியும். அதை 'ஒன்லைன்' ஆக்குங்கள். புது டிஸ்க் என்றால் மட்டும் ஜிபிடி, என்டிஎஃப்எஸ் என்று வழக்கமான வேலை. ஏற்கெனவே தரவு இருக்கும் லன்னில் 'இனிஷியலைஸ்' என்று கேட்டால் கையை எடுத்துவிட்டு, சரியான லன்தானா என்று முதலில் விசாரியுங்கள்.

படி 6: இரண்டு தடவை நகர்த்துங்கள்

தரவு ஏற்றுவதற்கு முன்னர், விஎம்மில் ஒரு பெரிய கோப்பை நகலெடுக்க விட்டுவிட்டு, லைவ் மைகிரேஷன் மூலம் மற்ற ஹோஸ்டுக்கு அனுப்புங்கள். போகும்போது பி சோதிக்கப்படும். திரும்பக் கொண்டுவாருங்கள், ஏ சோதிக்கப்படும். சுவிச்சின் பட்டியலையும் அப்போது பக்கத்தில் திறந்து வைத்திருந்தால், அதுவரை இல்லாத பி இலக்கங்கள் வந்து உட்காருவதைப் பார்க்கலாம்.

ஹோஸ்ட்டில் இருந்து எடுக்கும் பெக்கப்பில் இந்த லன் வராது. பெக்கப் மென்பொருளை விஎம்முக்கு உள்ளே நிறுவி எடுங்கள், அல்லது ஸ்டோரேஜின் ஸ்னப்ஷொட்டை நம்புங்கள். என்றாவது அந்த விஎம்மை அழிக்கும்போது, படி 3இல் எழுதிய கோப்பைத் திறந்து, நான்கு இலக்கங்களையும் சோனிலும் ஸ்டோரேஜிலும் இருந்து நீக்கிவிடுங்கள்.