ரிஜிஸ்டரின் அகலமும் பைட் வரிசையும்: டிரைவர் எழுதும்போது சறுக்கும் இடங்கள்

டிரைவர் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) எழுதுகிறவர்கள் கூடினால் பேச்சு எண்டியன் பக்கம்தான் போகும், அதாவது ஓர் எண்ணின் பைட்டுகள் எந்த வரிசையில் நிற்கும் என்பது. என்னைக் கேட்டால், அதற்கு முன்பே காலை வாரிவிடுவது ரிஜிஸ்டரின் அகலம்: சாதனத்தைக் கட்டுப்படுத்தும் அந்த இடங்களை ஒரே தடவையில் எத்தனை பைட்டாகத் தொட வேண்டும் என்பது.

8250 வகை யூஆர்ட்டை (சீரியல் போர்ட் சிப்பை) எடுத்துக்கொள்ளுங்கள். பிசியில் அதன் ரிஜிஸ்டர்கள் ஒரு பைட் இடைவெளியில் வரிசையாக நிற்கும். முதல் நான்கையும் சேர்த்து 32 பிட்டாக ஒரே மூச்சில் படித்தால் வேகமாக இருக்குமே என்று தோன்றும். ஆனால் ரிஜிஸ்டர் என்பது மெமரி இல்லை. அங்கே படிப்பதுகூட ஒரு செயல்தான். முதல் பைட்டைத் தொட்டதும் ஃபிஃபோவில் (வந்த எழுத்துகள் வரிசையில் நிற்கும் இடத்தில்) காத்திருந்த எழுத்து வெளியே வந்துவிடும். மூன்றாவது பைட்டைப் படித்தால், 'அனுப்பும் இடம் காலி' என்று சிபியுவைக் கூப்பிடக் காத்திருந்த இன்டரப்ட் சிக்னல் அழிந்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. எப்போதாவது ஓர் எழுத்து தொலையும், அவ்வளவுதான். இதைத் தேடிப் பிடிப்பதற்குள் வாரக்கணக்கில் தூக்கம் போகும்.

இதே யூஆர்ட் பல சிப்களில் நான்கு பைட் இடைவெளியில் அமைந்திருக்கும். லினக்ஸின் டிவைஸ் ட்ரீயில் (வன்பொருளை விவரிக்கும் கோப்பில்) இதற்கு ரெக்-ஷிஃப்ட், ரெக்-ஐஓ-விட்த் என்று இரண்டு குறிப்புகள் உண்டு. முன்னது இடைவெளி, பின்னது ஒரே தடவையில் எத்தனை பைட் தொட வேண்டும் என்பது. ஒன்றைப் போட்டால் மற்றதும் தானாக வந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள்.

எழுதும்போதும் இதே கதைதான். ஏஆர்எம் சிப்களில் சாதனங்களை இணைக்கும் ஏபிபி பஸ்ஸில், எந்தெந்த பைட்டை மட்டும் எழுத வேண்டும் என்று சொல்லும் வசதி ஏபிபி4 பதிப்பில்தான் வந்தது. அதற்கு முந்தையதில் ஒரு பைட் எழுதினால், மற்ற மூன்று பைட்டுகளிலும் குப்பை விழலாம். ரிஜிஸ்டர்கள்மேல் பேக்டு ஸ்ட்ரக்ட் (உறுப்புகளை இடைவெளியின்றி அடுக்கிய சி அமைப்பு) ஒன்றைப் போர்த்திப் படிப்பதும் ஆபத்துதான்: கம்பைலர் தன் விருப்பத்துக்கு அதை பைட் பைட்டாக உடைக்கக்கூடும்.

சரி, எண்டியனுக்கு வருவோம். லினக்ஸில் 32 பிட் ரிஜிஸ்டரைப் படிக்கும் ரீட்எல் ஃபங்ஷன், சாதனம் லிட்டில் எண்டியன் (கீழ் பைட் முதலில்) என்றே எடுத்துக்கொள்ளும். சிபியு பிக் எண்டியனாக (மேல் பைட் முதலில்) இருந்தால் தானே புரட்டிக் கொடுத்துவிடும். அது தெரியாமல் மேலே எல்இ32-டு-சிபியு என்று இன்னொரு புரட்டலைப் போடுவார்கள். உங்கள் மேசையிலுள்ள லிட்டில் எண்டியன் கணினியில் எல்லாம் ஓடும். பிக் எண்டியன் போர்டில் இரண்டு முறை புரண்டு நிற்கும். சிபியுவைப் பார்த்து இஃப்டெஃப் (கம்பைல் நேர நிபந்தனை) போடுவதும் சரியில்லை, பைட் வரிசை சாதனத்தின் குணம். எல்எஸ்1021ஏ சிப்பில் ஏஆர்எம் கோர் லிட்டில் எண்டியனாக ஓடும், வாட்ச்டாக் (சிஸ்டம் உறைந்தால் மறுதொடக்கம் செய்யும் டைமர்) ரிஜிஸ்டர்களோ பிக் எண்டியன். அவை 16 பிட் ரிஜிஸ்டர்கள், அங்கே ஐஓரீட்16பிஇ வேண்டும். ரா-ரீட்எல் குறுக்குவழி வேண்டாம்: புரட்டலோடு, படிப்பதும் எழுதுவதும் நீங்கள் எழுதிய வரிசையிலேயே நடக்கும் என்ற உத்தரவாதமும் போய்விடும்.

ஃபிஃபோவில் வரும் தரவு மட்டும் விதிவிலக்கு. அது எண் இல்லை, பைட் ஓட்டம். அதனால்தான் ஃபிஃபோவைத் திரும்பத் திரும்பப் படிக்கும் ஐஓரீட்32-ரெப் எதையும் புரட்டாது.

32 பிட் சிபியுவில் 64 பிட் கவுண்டரை இரண்டு தடவையாகத்தான் படிக்க முடியும். மேல்பாதி, கீழ்பாதி, மறுபடி மேல்பாதி என்று படியுங்கள். மேல்பாதி மாறியிருந்தால் திரும்பவும் படியுங்கள்.

எண்டியன் தவறுகளில் பலவற்றை, லினக்ஸ் கோடைச் சோதிக்கும் ஸ்பார்ஸ் கருவி காட்டிக்கொடுக்கும், மாறிகளை எல்இ32, பிஇ32 வகைகளில் அறிவித்திருந்தால். சாதனத்துக்கு எந்த அகலம் பொருந்தும் என்பது மட்டும் அதற்குத் தெரியாது. அதற்கு டேட்டாஷீட்டைத்தான் புரட்ட வேண்டும்.